இல்லத்திற்கு ஏற்ற கலைப்பொருள்கள்

(நமது சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



இல்லத்தில் வைத்தற்குரிய கலைப்பொருள்களைத் தேர்ந்தெடுத்தலும் பேணுதலும் என்னும் பொருள்பற்றிச் சில சொல்லுமாறு சங்கத்தார் எம்மைப் பணித்தனர். இது பெருஞ்செல்வர்க்குரிய பேச்சன்றோ, நமக்கு இதனால் ஆவதென்ன என்று உங்களிற் சிலர் நினைத்தல் கூடும். அங்ஙனம் நினைத்தற்கு இடமில்லை. ஒரு நாட்காட்டியேனும் தொங்காத சுவருடைய வீடு நம் ஊர்களில் உண்டோ? கடைக்காரர் எடுத்து நீட்டிய மூன்று படங்களில் ஒன்றைச் சுட்டிக்காட்டி, 'இதனைத் தருக' என்று கேட்ட ஒவ்வொருவரும் இத்துறையிற் புகுந்தவரே. அவர் ஏன் அந்த ஒன்றைச் சுட்டினார், மற்ற இரண்டை ஏன் விடுத்தார் என்பதைத் தாமே எண்ணிப் பார்த்தாரா என்பதொன்றே கேள்வி.

யாம் முதலில் கடைக்குச் செல்லப் போவதில்லை. நம் வீட்டிற்குள்ளேயே நுழைவோம். நம் முன்னோர் பர்மா, இலங்கை, மலேயா முதலிய நாடுகளுக்குக் கொண்டுவிற்கச் சென்று ஈட்டிய பொருளால் எடுத்த வீடுகளை நீங்கள் அறிவீர்கள். முகப்பில் பர்மாத் தேக்கின் நிலைக்கதவு. அதன் மேல் திருமகளும் யானைகளும் கிளிகளும் செதுக்கிய வேலைப்பாடு. வளவைச் சுற்றியுள்ள தாழ்வாரத்தில் வரிசையாகப் படங்கள். அப்படங்கள் தொங்கும் விதத்தை நீங்கள் கருதிப் பார்த்ததுண்டா? அவை ஆள் உயரத்திற்கு மேலே, கீழ்விளிம்பு சுவரைத் தொட, மேல்விளிம்பு முன்னே சாய்ந்து நிற்கும். பாயில் அமர்ந்திருப்பவர் அண்ணாந்து பார்த்தால் படம் அவரை நோக்கிக் குனிந்திருக்கும். மாட்டியவர் எந்தக் கலைக்கல்லூரியிலும் பயின்றவரல்லர். வீட்டார் எங்கே அமர்வர், எங்கிருந்து பார்ப்பர் என்பதை அறிந்தவர். இன்று நகரத்து அடுக்குமாடி வீடுகளில், நாற்காலியில் அமர்ந்தவர்க்கும் எட்டாமல், நிற்பவர்க்கும் எட்டாமல், மின்விசிறிக்கு அருகே ஆணியடித்து மாட்டப்பட்ட படங்களைக் காணும்போதெல்லாம் எமக்கு அந்தப் பெயரறியா மனிதரின் நினைவு வருவதுண்டு.

அவ்வீடுகளின் நிலை இன்று யாது? 1942-ஆம் ஆண்டில் ஜப்பானியர் பர்மாவிற் புகுந்தபின் அந்நாட்டு வாணிகம் நிலைகுலைந்தது. 1948-இல் அந்நாட்டு அரசாங்கம் நிலத்தைத் தேசவுடைமையாக்கச் சட்டம் செய்தது. வரவு குன்றிற்று, வீடோ அப்படியே நின்றது. ஒரு வீட்டிற்குப் பத்துப் புள்ளி, இருபது புள்ளி எனப் பங்குகள் பெருகின. பங்காளிகள் சென்னையிலும் கோயம்புத்தூரிலும் கடல் கடந்த நாடுகளிலும் இருக்கின்றனர். மழைக்கு ஓடு மாற்றவும் ஆளில்லாத நிலையில் வீட்டை விற்பது என்று முடிவு செய்கின்றனர். அம்முடிவைக் குறைகூற யாம் இங்கு வரவில்லை. அவரவர் தொல்லை அவரவர்க்கே தெரியும். எம்முடைய வருத்தமெல்லாம் உள்ளே இருந்த பொருள்களைப் பற்றியதே. கதவும் தூணும் விலை பேசப்படுகின்றன. வெள்ளியும் பித்தளையும் நிறுக்கப்படுகின்றன. படங்களோ 'அந்தப் பழைய சட்டங்கள்' என்று மொத்தமாகத் தள்ளிவிடப்படுகின்றன. அப்படிப் போனவற்றைக் காரைக்குடியில் முனீசுவரன் கோயில் தெருவின் பழம்பொருட் கடைகளில் நீங்கள் காணலாம். தம் பாட்டனார் பெயர் வெட்டிய பாத்திரத்தையே ஒருவர் அங்கே கண்டு விலைகொடுத்து வாங்க நேர்தல் இயலாத காரியமன்று. அக்கடைக்காரர்மேல் குற்றமில்லை. அவர்கள் வாங்கியிராவிடில் பல பொருள்கள் அடுப்புக்குப் போயிருக்கும்.

ஆதலின், ஒன்றை விற்பதற்கு முன்னும், புதிதாக ஒன்றை வாங்குவதற்கு முன்னும், நம்மிடம் இருப்பது இன்னதென்று அறிதல் வேண்டும். தாழ்வாரத்துப் படங்களையே எடுத்துக்கொள்வோம். அவற்றுட் பல இரவிவர்மாவின் படங்கள் என்று வழங்கப்படுவன. கிளிமானூரில் 1848-இல் பிறந்து 1906-இல் மறைந்த இராஜா இரவிவர்மா, அரசர்களும் செல்வர்களும் மட்டுமே வாங்கத்தக்க எண்ணெய் வண்ணப் படங்களைத் தீட்டிவந்தவர். அவற்றை எல்லா வீடுகளுக்கும் எட்டச் செய்யக் கருதி, 1894-இல் பம்பாயில் கல்லச்சுக்கூடம் ஒன்றைத் தொடங்கினார். ஜெர்மனியிலிருந்து இயந்திரங்கள் வந்தன. பின்னர் அச்சுக்கூடம் லோனாவ்லாவுக்கு அருகே மாறியது, கைமாறியும் போயிற்று. நம் வீட்டுப் படங்களிற் சிலவற்றின் அடியில் அச்சுக்கூடத்தின் பெயரும் அவ்வூர்ப் பெயரும் பொடி எழுத்தில் அச்சிடப்பட்டிருத்தலை இன்றும் காணலாம்.

கல்லச்சு என்பது வழவழப்பான சுண்ணக்கல்லின்மேல் கொழுப்புக் கலந்த மையால் எழுதி, ஈரம் தடவி, அச்சுமை உருட்டி, தாளில் ஒற்றி எடுப்பது. எழுதிய இடம் மையைப் பற்றும். ஈரமான இடம் மையைத் தள்ளும். ஒவ்வொரு வண்ணத்திற்கும் ஒவ்வொரு கல் வேண்டும். ஒரே தாள் பல கற்களின்மேல் மயிரிழை பிசகாமல் படிந்து படிந்து வந்தால்தான் திருமகளின் முகத்தில் அந்த மென்மை தோன்றும். இப்போது அதே படங்களைப் புதிதாக அச்சிட்டுத் தாளைப் பழுப்பாக்கிப் பழையதென விற்பாரும் உளர். வேறுபாடு காண ஒரு பூதக்கண்ணாடி போதும். இக்காலத்து அச்சில் நான்கு நிறப் புள்ளிகள் ஒழுங்கான வரிசையில், பூப்போன்ற வட்டங்களாக நிற்கும். பழைய கல்லச்சிலோ புள்ளிகள் மணல் தூவியதுபோல் ஒழுங்கின்றி இருக்கும். இதனை அறிய எவருக்கும் ஐந்து நிமிடத்திற்கு மேல் ஆகாது. எனினும் ஆயிரக்கணக்கில் பணம் கொடுத்து வாங்குவோர் இதனைச் செய்து பார்ப்பதில்லை.

இவ்வச்சுப் படங்களிற் சிலவற்றின்மேல் நம் ஆச்சிமார் சரிகைத் துணியும் பாசிமணியும் மினுக்கும் வைத்துத் தைத்திருக்கின்றனர். படத்துச் சரசுவதி மெய்யான சேலை உடுத்து, மெய்யான மாலை அணிந்து நிற்பாள். கலை விமரிசகர் சிலர் இதனைப் படத்தைக் கெடுத்தல் என்பர். எமக்கு அது உடன்பாடன்று. பம்பாயில் அச்சாகி இறங்கிய ஆயிரம் தாள்களுள் ஒன்று, ஒருத்தியின் கைபட்டபின் உலகில் வேறெங்கும் இல்லாத ஒன்றாகிவிட்டது. துணி நைந்திருக்கிறதென்று அதனைப் பிய்த்தெறிந்துவிட்டுப் படத்தை மட்டும் புதுச் சட்டத்தில் இடுவோர், இரண்டு கைவேலைகளில் அரியதொன்றைக் குப்பையில் இடுகின்றனர்.

அடுத்துக் கண்ணாடி ஓவியங்கள். இவற்றைத் தாளில் எழுதிக் கண்ணாடி போட்ட படங்கள் என்று எண்ணுவோர் உண்டு. கண்ணாடியின் பின்புறத்திலேயே வண்ணம் தீட்டப்பட்டிருக்கிறது. தாளில் எழுதுவோன் நிலம் தீட்டி, உடல் தீட்டி, இறுதியில் கண்மணியும் அணிகலனும் எழுதுவான். கண்ணாடியில் எழுதுவோனோ கண்மணியையும் மூக்குத்தியையும் முதலில் எழுதி, அதன்மேல் முகத்தையும், அதன்மேல் பின்னணியையும் பூசுதல் வேண்டும். இடம் வலமாக மாறும் என்பதையும் அவன் மறத்தலாகாது. சீனத்தாரின் வழியாக இந்நாட்டிற் பரவிய இவ்வேலை தஞ்சையிலும் நம் ஊர்ப்புறங்களிலும் நன்கு வேரூன்றிற்று. இவ்வோவியம் உடையோர்க்கு ஒரு சொல்: கண்ணாடி விரிந்துவிட்டதென்று அதனைச் சட்டம் போடுபவரிடம் கொடுத்து வேறு கண்ணாடி மாற்றச் சொல்லாதீர்கள். அந்தக் கண்ணாடியே ஓவியம். பின்புறத்தை ஈரத்துணியால் துடைத்தாலும் வண்ணம் செதிள் செதிளாக உதிரும். உதிரத் தொடங்கியதை நிமிர்த்தி வைக்காமல், ஓவியப்புறம் மேலாகப் படுக்க வைத்து, இதில் பயிற்சியுள்ளவரிடம் காட்டுதல் நலம்.

தஞ்சாவூர் ஓவியத்தைப் பற்றிச் சொல்லாது விட்டால் நீங்கள் எம்மைப் போகவிடமாட்டீர்கள். திருமணத்திற்குப் பரிசளிக்க இன்று எல்லோரும் தேடுவது அதுவே. பலாப்பலகையில் துணி ஒட்டி, சுண்ணப்பொடியும் பசையும் கலந்து பூசித் தேய்த்து, புடைப்பு வேலை செய்து, கற்கள் பதித்து, பொன்னிலை ஒட்டி, பின்னரே வண்ணம் தீட்டுவது பழைய முறை. மராட்டிய மன்னர் காலத்தில், சிறப்பாக 1798 முதல் 1832 வரை இருந்த இரண்டாம் சரபோஜியின் காலத்தில், இது செழித்தது. இன்று பலாப்பலகைக்கு மாறாக ஒட்டுப்பலகை வழங்குகிறது. அதனைக் குற்றமென்று சொல்வதற்கில்லை. பொன்னுக்கு மாறாகப் பொன்னிறத் தகடு ஒட்டிவிட்டுப் பொன்விலை வாங்குவதே குற்றம். அத்தகடு சில ஆண்டுகளில் கறுக்கும். பொன்னிலையின் தரம் யாது, பலகை யாது, எழுதியவர் யார் என்பவற்றை விலைச்சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். நேர்மையான ஓவியர் உடனே எழுதித் தருவார். தரமாட்டேன் என்பவரிடம் வாங்கவேண்டிய கட்டாயம் ஒருவர்க்கும் இல்லை.

நாட்காட்டிப் படத்தை இகழ்ந்து பேசுதல் இப்போது நாகரிகமாகிவிட்டது. 1898 முதல் 1976 வரை வாழ்ந்த கொண்டையராஜு, சென்னைக் கலைப்பள்ளியிற் பயின்று, நாடகக் கம்பெனிகளுக்குத் திரைச்சீலை எழுதி, கோவில்பட்டியிற் குடியேறித் தம் மாணாக்கர்களோடு எழுதிக் குவித்த தெய்வப் படங்கள் சிவகாசி அச்சுக்கூடங்களின் வழியாகத் தமிழகத்து வீடுகள் எங்கும் புகுந்தன. முருகன் முகம் இன்னதென்று நம் குழந்தைகளின் மனத்திற் பதித்தது பெரும்பாலும் அவருடைய தூரிகையே. ஆண்டு முடிந்ததும் அத்தாள்களை அலமாரித் தட்டில் விரித்துவிடுகிறோம். பழைய நாட்காட்டி ஒன்று நல்ல நிலையில் உங்களிடம் இருக்குமாயின் அதனைச் சட்டமிட்டு வைப்பதில் நாணத்தக்கது ஒன்றுமில்லை.

இனி, மிகவும் கருத்தோடு கேட்கவேண்டிய ஒரு விஷயம். வீட்டு முகப்பில் பழைய ஐம்பொன் சிலையோ கற்சிலையோ வைத்தல் பெருமை என்னும் எண்ணம் சிலரிடம் தலைகாட்டுகிறது. கோயில் திருமேனிகள் வீட்டு அலங்காரத்திற்கு உரியன அல்ல. அவை எப்படி வெளியே வந்தன என்று கேட்டால் பெரும்பாலும் நல்ல விடை கிடைப்பதில்லை. அரியலூர் மாவட்டத்து ஸ்ரீபுரந்தான் கோயிலின் நடராசர் திருவுருவம் களவாடப்பட்டுக் கடல் கடந்து சென்றது. ஆஸ்திரேலிய நாட்டின் தேசியக் கலைக்கூடம் 2008-இல் ஏறத்தாழ ஐம்பது இலட்சம் அமெரிக்க டாலர் கொடுத்து அதனை வாங்கிற்று. வாங்குமுன் அவர்களுக்குக் காட்டப்பட்ட பத்திரங்கள் பொய்ப்பத்திரங்கள். புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆராய்ச்சி நிறுவனத்தார் முன்னரே எடுத்து வைத்திருந்த நிழற்படங்கள் உண்மையை வெளிப்படுத்த உதவின. 2014-இல் திருவுருவம் இந்தியாவுக்குத் திரும்பிற்று. கற்றறிந்தோர் பலரை வைத்துப் பொருள் வாங்கும் ஓர் அரசாங்கக் கலைக்கூடத்தையே ஏமாற்றினார்கள் என்றால், ஞாயிற்றுக்கிழமை மாலை கடைக்குப் போய்வரும் நாம் எம்மாத்திரம்? அன்றியும், நேற்று வார்த்த சிலையைத் திராவகம் தடவி மண்ணில் புதைத்துப் பழமையேற்றி விற்கும் வித்தையும் உண்டு. ஆக, பழஞ்சிலை என்று வாங்குவோர் பொய்யை வாங்குகிறார். அல்லது மெய்யாகவே பழையதாயின் பிறர் கோயிலின் தெய்வத்தை வாங்குகிறார். இரண்டில் எது நேரினும் அவர்க்கு நன்மையில்லை.

சட்டத்தையும் அறிதல் நன்று. 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைச்செல்வங்கள் சட்டப்படி நூறாண்டுக்குக் குறையாத பழமையுடைய சிற்பம், ஓவியம் முதலியன தொல்பொருள்களாம். சுவடி போன்றவற்றிற்கு எழுபத்தைந்து ஆண்டே போதும். இவற்றுள் அரசினர் அறிவித்துள்ள வகைகளைப் பதிவு அதிகாரியிடம் பதிவு செய்தல் வேண்டும். உரிமம் இன்றி விற்பனைத் தொழில் செய்தலாகாது. அயல்நாட்டிற்குத் தனியார் எடுத்துச் செல்லவும் கூடாது. இரவிவர்மா தம் கையால் தீட்டிய படங்கள் நூறாண்டு கணக்கின்றியே கலைச்செல்வங்களாக 1979-இல் அறிவிக்கப்பட்டுள்ளன. வெளிநாட்டிலுள்ள மகனுக்கோ மகளுக்கோ பெட்டியில் வைத்து அனுப்ப எண்ணுவோர் இதனை நினைவில் வைக்க. யானைத் தந்தம் இழைத்த பெட்டி முதலியவற்றை விற்க முயல்வதும் வனவிலங்குச் சட்டத்தின்கீழ்க் குற்றமாகும்.

உருவம் வேண்டுவோர் சுவாமிமலைக்குச் செல்லலாம். அங்கே தேன்மெழுகும் குங்கிலியமும் எண்ணெயும் சேர்த்துப் பிடித்த மெழுகுருவின்மேல் காவிரியின் வண்டல்மண் பூசி, காயவைத்து, சூட்டில் மெழுகை உருக்கி வடித்து, அவ்வெற்றிடத்தில் உலோகத்தை வார்க்கின்றனர். மண்ணச்சை உடைத்தே உருவத்தை எடுக்கவேண்டும். ஆதலின் ஒருமுறை வார்த்த அச்சால் மறுமுறை வார்த்தல் இயலாது. ஒவ்வோர் உருவமும் தனித்தனிப் பிறவி. உளியால் முகத்தைத் திருத்தும் வேலைக்கே நாட்கள் பல ஆகும். அருகே நாச்சியார்கோயில் விளக்கும் கிடைக்கும். அச்சில் ஊற்றி அடுக்கி வைத்த பத்துப் பித்தளைப் பொம்மைகளின் விலையைக் கூட்டிப் பாருங்கள். பட்டறையில் ஒரு நல்ல சிறு விளக்கு அத்தொகைக்குள் அடங்கும்.

நம் வகுப்பார் பழையவற்றை மட்டுமே கலை என்று எண்ணி, உயிரோடிருக்கும் ஓவியரை மறந்துவிடுகின்றனர் என்பது எமக்குள்ள ஒரு குறை. இரவிவர்மாவின் படத்தை வாங்கிய நம் பாட்டனார் பழம்பொருளா வாங்கினார்? தம் காலத்துப் புதுமையை வாங்கினார். 1850-இல் தோன்றிய சென்னைக் கலைப்பள்ளி இன்று அரசினர் கவின்கலைக் கல்லூரியாக நடைபெறுகிறது. கும்பகோணத்திலும் ஒரு கல்லூரி உண்டு. அப்பள்ளியின் தலைவராயிருந்த கே. சி. எஸ். பணிக்கரும் இளைஞர் பலரும் 1966-இல் சென்னைக்குத் தெற்கே கடற்கரையில் நிலம் வாங்கிச் சோழமண்டலம் என்னும் ஓவியர் ஊரை அமைத்தனர். ஓவியம் விற்காத நாளில் துணியில் மெழுகுச்சாயம் எழுதி விற்றுப் பிழைத்து, விற்ற பணத்தில் மீண்டும் ஓவியம் எழுதினர். இன்றும் அங்கே சென்று ஓவியங்களைக் காணலாம். எண்ணெய் வண்ணப் படம் வாங்க இயலாதவர் செப்புத்தகட்டு அச்சோ கல்லச்சோ வாங்கலாம். அடியில் 5/20 என்று எழுதுகோலால் குறித்திருந்தால், எடுத்த இருபது படிகளுள் இஃது ஐந்தாவது என்று பொருள். பக்கத்தில் ஓவியர் கையொப்பம் இருத்தல் வேண்டும். மாணாக்கர் கண்காட்சியில் கோட்டோவியம் ஒன்று ஒரு நல்ல சேலையின் விலைக்குள் கிடைக்கக் கூடும்.

'எமக்குக் கலையறிவில்லையே, எப்படித் தேர்வது' என்று கேட்பர். பட்டுச்சேலைக் கடையில் நம் ஆச்சிமார் நூறு சேலைகளைப் புரட்டி, 'இதில் கரை நன்று, முந்தி சப்பென்றிருக்கிறது' என்று ஒரு நொடியில் சொல்கின்றனர். அந்தக் கண்ணை அவர்களுக்கு யார் தந்தார்? நிரம்பப் பார்த்ததால் வந்தது. படத்திற்கும் அவ்வழியே. சித்தன்னவாசல் நமக்குத் தொலைவன்று. தஞ்சைப் பெரிய கோயிலின் உட்சுற்றில் மறைந்திருந்து 1931-இல் வெளிப்பட்ட சோழர் ஓவியங்களின் படங்களேனும் புத்தகங்களிற் கிடைக்கும். எழும்பூர் அருங்காட்சியகத்துச் செப்புத் திருமேனிகளை ஆண்டுக்கொருமுறை குழந்தைகளோடு சென்று பாருங்கள். முட்டுக்காட்டில் தட்சிணசித்திராவில் நம் ஊர்ப்புறத்து வீடொன்றையே பெயர்த்துக்கொண்டு வந்து நிறுத்தியிருக்கின்றனர். அதைப் பார்த்துத் திரும்புவோர் தம் ஊரின் வீட்டை வேறு கண்ணாற் பார்ப்பர். இவ்வாறு ஓராண்டு பார்த்தபின் வாங்கத் தொடங்கினாலும் காலம் போய்விடாது. ஒரு படம் பிடித்திருந்தால் அன்றே வாங்காமல் ஒரு வாரம் கழித்து மீண்டும் சென்று பாருங்கள். வீட்டில் இருந்தபடியே அதன் மூலைமுடுக்குகள் நினைவுக்கு வந்துகொண்டிருந்தால் அஃது உங்களுடையது. விலை ஏறும் என்று சொல்லி ஒருவர் விற்க வந்தால், விலை ஏறும் பொருளை அவர் ஏன் விற்கிறார் என்று கேளுங்கள். வட்டித்தொழில் நடத்திய மரபில் வந்த நமக்கு இதனை ஒருவர் கற்பிக்க வேண்டுவதில்லை.

பேணும் முறையில் மிகுதியாகச் சொல்ல நேரமில்லை. நேர்வெயில் படும் சுவரும், மழைச்சாரலால் ஊறும் வெளிச்சுவரும், குளியலறையை ஒட்டிய சுவரும் ஆகா. படத்திற்கும் சுவருக்கும் இடையே காற்றுப் போக இடம் விடுக. அதற்குச் சட்டத்தின் பின் இருமூலையிலும் தக்கைத்துண்டு ஒட்டினாற் போதும். பழைய சட்டங்களின் பின்பலகையிலிருந்து காவி படிந்து தாள் கருகும். அமிலமற்ற அட்டை என்று கேட்டு வாங்கி மாற்றுக. இராமபாணப் பூச்சியும் கரையானும் முதலில் வருவது பின்புறமாகவே. ஆண்டுக்கொருமுறை படத்தை இறக்கிப் பார்க்க. விளக்குப் புகை படிந்த படத்தை எண்ணெயிட்டுத் துடைத்தலும், பழஞ்செம்பைப் புளியிட்டு விளக்கிப் பளபளக்கச் செய்தலும் வேண்டா.

இறுதியாக, சங்கத்தாரிடமும் உங்களிடமும் ஒரு விண்ணப்பம். ஒரு காசு வட்டியையும் விடாது பேரேட்டிற் பதிந்து ஆண்டுதோறும் ஐந்தொகை கட்டியவர்கள் நாம். பெண்ணுக்குக் கொடுத்த சாமான்களுக்குக் கரண்டி உட்படச் சிட்டை எழுதினோம். சுவரிலிருந்த படத்தை எழுதியவர் யார், எந்த ஊரில் எந்த ஆண்டு வாங்கியது என்பதை மட்டும் எழுதவில்லை. அதனை அறிந்தவர்கள் இன்று எண்பது வயதைத் தாண்டிய ஆச்சிமாரே. ஆதலின் ஒவ்வொரு வீட்டாரும் ஒரு குறிப்பேடு வாங்கி, ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, நீள அகலமும், எதனால் ஆயது என்பதும், யார் கொணர்ந்தது என்பதும், பின்புறத்து எழுத்து ஏதேனும் உண்டோ என்பதும் எழுதுக. கைப்பேசியால் முன்னும் பின்னும் நிழற்படம் எடுத்து ஒட்டுக. களவு போனாலும் பங்கு பிரிந்தாலும் அப்பக்கமே சான்றாக நிற்கும். பங்கு பிரிக்கும் நாளில் வெள்ளியைப் பிரிப்பதற்கு முன் அக்குறிப்பேட்டை நடுவே வைத்து, யாருக்கு எந்தப் படத்தின்மேல் பற்று என்று கேட்டுக்கொள்ளலாம். வரும் கோடை விடுமுறையில் ஊருக்குச் செல்லும் பிள்ளைகளிடம் இவ்வேலையை ஒப்படையுங்கள், முகப்பிலிருந்து தொடங்கட்டும். அடுத்த கூட்டத்திற்கு யாரேனும் ஒருவர் ஒரு பக்கம் எழுதிக்கொண்டு வந்தாலும் அதனை இங்கே படித்துக் கேட்க யாம் காத்திருக்கிறோம்.